கெம்பின் கணக்கு: மயிலாப்பூர்க் கோயில் நகையும் அசல் என்னும் சொல்லும்

மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலைச் சூழ்ந்த மாட வீதிகளிலும், குறிப்பாக வடக்கு மாட வீதியிலும், கோயில் நகை என்ற பெயரில் விற்கப்படுவது, தெய்வத் திருமேனிகளுக்குச் சாத்தும் அணிகலன்களின் அமைப்பைப் பின்பற்றி, சிவப்பும் பச்சையும் வெள்ளையுமான கற்களை இடைவெளியின்றிப் பதித்துச் செய்யப்படும் நகை வகையாகும். நெற்றிச்சுட்டி, சூரியப்பிறை, சந்திரப்பிறை, ராக்கொடி, ஜடைநாகம், மாட்டல், ஜிமிக்கி, அட்டிகை, மாங்காய் மாலை, வங்கி, ஒட்டியாணம் என உச்சி முதல் இடை வரை நீளும் இந்த வரிசையில், தலையில் அணிபவற்றை மட்டும் சேர்த்துத் தலைசாமான் என்பர். மகளின் அரங்கேற்றத்துக்கு முழுச் செட் வாங்க வரும் பெற்றோரும், மார்கழிக் கச்சேரிப் பருவத்தில் அயல்நாடுகளிலிருந்து வந்து இறங்கும் தமிழரும், சென்னைக்கு வந்ததன் நினைவாக ஒரு ஜோடித் தோடாவது எடுத்துச் செல்ல விரும்பும் பயணிகளும் இக்கடைகளில் கேட்கும் முதல் கேள்வி, இது அசல்தானா என்பதே.

அசல் என்ற சொல் தமிழுக்கு வந்தேறியது. வேர், மூலம் என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து, நவாபுகளின் ஆட்சிக்கால வழக்கின் வழியாக அது தமிழில் நிலைத்து, கடன் பத்திரத்தில் வட்டிக்கு எதிரான முதலையும், பத்திரப் பதிவில் நகலுக்கு எதிரான மூல ஆவணத்தையும், கடைத்தெருவில் போலிக்கு எதிரான பொருளையும் குறிக்கலாயிற்று. நகல் என்பதும் அரபு மூலமுடைய சொல்லே. ஆகவே அரேபியப் பாலைவனத்து பெதூவின் மக்களின் வெள்ளி நகையில் கோத்த மஞ்சள் அம்பர் மணியைக் கையில் எடுத்துப் பார்க்கும் பயணியும், மயிலாப்பூரில் சிவப்புக் கெம்பைக் கையில் எடுத்துப் பார்க்கும் பயணியும் ஒரே வேரிலிருந்து வந்த கேள்வியையே கேட்கின்றனர். இரண்டு இடங்களிலும் அக்கேள்விக்கு விடை எளிதாக இல்லாமற்போனதற்கான காரணமும் ஏறத்தாழ ஒன்றே என்பது பின்னர் விளங்கும்.

கோயில் நகையைப் பொறுத்தவரை, அசல் என்பதற்கு எக்காலத்திலும் ஒரே பொருள் இருந்ததில்லை. உலோகம் மாறியது, கல் மாறியது, அணிவோர் மாறினர், விற்கும் ஊர் மாறியது. இத்தனை மாற்றங்களுக்கு இடையிலும் இந்தக் கைத்தொழிலின் நேர்மையைக் காத்து வந்த ஒரு மரபு உண்டென்றால், அது இன்ன நகையில் இன்னின்ன பொருள் இவ்வளவு இருக்கிறது என்று ஒளிவு மறைவின்றிச் சொல்லும் கணக்கு மரபாகும். அந்த மரபு தொடங்கிய இடத்திலிருந்தே இவ்வரலாற்றைக் காண்பது பொருந்தும்.

கல்லில் வெட்டிய கணக்கு

தஞ்சைப் பெரிய கோயிலை 1010-ஆம் ஆண்டில் நிறைவு செய்த முதலாம் இராசராசனும், அவன் தமக்கை குந்தவையும், அரச குடும்பத்தினரும் அக்கோயிலின் திருமேனிகளுக்கு அளித்த நகைகளின் பட்டியல்கள் கோயிலின் கருங்கல்லிலேயே வெட்டப்பட்டுள்ளன. பொன்னை நிறுப்பதற்கு ஆடவல்லான் என்னும் எடைக்கல்லும், மணிகள் பதித்த நகைகளை நிறுப்பதற்குத் தட்சிணமேரு விடங்கன் என்னும் எடைக்கல்லும் பயன்பட்டன. இரண்டுமே அக்கோயிலில் எழுந்தருளியுள்ள இறைவனின் பெயர்கள். எடை கழஞ்சிலும், அதன் கூறுகளான மஞ்சாடியிலும் குன்றியிலும் குறிக்கப்பட்டது. ஒரு கழஞ்சு இருபது மஞ்சாடி, ஒரு மஞ்சாடி இரண்டு குன்றி என்ற கணக்கில், ஒரு குன்றிமணி அளவுக்குக்கூடக் கணக்கு விடுபடாதவாறு பட்டியல்கள் அமைந்துள்ளன.

இப்பட்டியல்களின் சிறப்பு எடையோடு முடிவதில்லை. முத்துகள் வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, சப்பத்தி, கறடு என வடிவும் தரமும் பிரித்து எண்ணப்பட்டன. சிவந்த நீரோட்டம் உடையவையும் குளிர்ந்த நீரோட்டம் உடையவையும் அவ்வாறே குறிக்கப்பட்டன. வைரங்களில் பொறிவும் முறிவும், ரத்தவிந்து, காகவிந்து எனப்பட்ட புள்ளிக் குறைகளும் பெயர் சொல்லி எழுதப்பட்டன. நகையைக் கட்டிய சரடு, அதைத் தாங்கிய சட்டம், இறுக்கிய செப்பாணி, உள்ளே நிரப்பிய அரக்கு ஆகியனகூட எடையோடு தொடர்புபடுத்தித் தனியே சொல்லப்பட்டன. பேரரசன் ஒருவன் தன் இறைவனுக்கு அளித்த நகையில், கல்லின் பழுதும் அரக்கின் இருப்பும் வருங்காலம் முழுவதும் படிக்கத்தக்க வகையில் கல்லில் பதிவாகியிருப்பது, காணிக்கையின் பெருமையைக் குறைக்கவில்லை. கொடுத்தவனின் சொல்லை நம்பத்தக்கதாக்கியது.

மணிகளை இனம் பிரித்தறியும் அறிவு சோழர் காலத்துக்கு முன்பே தமிழகத்தில் வேரூன்றியிருந்தது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை, மதுரையின் மணிக்கடைத் தெருவைக் காட்டுமிடத்தில், வைரத்துக்குரிய குற்றங்களைக் கூறுவதோடு, மாணிக்கத்தைப் பதுமம், நீலம், விந்தம், படிதம் என நான்கு இனங்களாகவும் பிரிக்கிறது. அக்காப்பியத்தின் மையமான வழக்கே, மூடிய அணி ஒன்றின் உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்ற கேள்வியில் நிற்பதும், உடைத்த பிறகே அதற்கு விடை கிடைப்பதும் இங்கு நினைக்கத்தக்கன. மூடிய நகையின் உள்ளீடு வெளியிலிருந்து தெரியாது என்பது கைவினைஞருக்கும் வணிகருக்கும் பழைய அறிவு. இன்று வாங்குவோர் எதிர்கொள்ளும் சிக்கலும் அதுவே.

கெம்பு என்னும் சொல்

கோயில் நகையின் சிவப்புக் கல்லைத் தமிழர் கெம்பு என்கின்றனர். தமிழில் செம்மை, செந்நிறம் எனச் சகரத்தில் தொடங்கும் சொற்களுக்குக் கன்னடத்தில் ககரம் நிற்பது மொழிநூலார் நன்கறிந்தது. அம்முறையில் கன்னடத்தில் கெம்பு என்றால் சிவப்பு. நிறத்தின் பெயரே கல்லின் பெயராகி, தெலுங்கிலும் தமிழிலும் மாணிக்கத்தைக் குறிக்கும் வழக்குச் சொல்லாயிற்று. சாதகம் பார்த்து மோதிரத்தில் அணியும் கல்லுக்கு மாணிக்கம் என்ற பெயர் நீடித்திருக்க, பட்டறையிலும் கடையிலும் கோயில் நகையில் பதியும் எந்தச் சிவப்புக் கல்லும் கெம்பு எனப்படலாயிற்று. பெயரின் இந்த நெகிழ்ச்சியைக் கவனத்தில் கொள்ளாதவர்கள், கெம்பு என்று கடைக்காரர் சொன்னதை மாணிக்கம் என்று பொருள் கொண்டு பின்னர் ஏமாந்ததாக வருந்துகின்றனர்.

உண்மையில், பழங்காலத்துச் சிவப்புக் கற்களும் எல்லாம் ஒரே இனமல்ல. மாணிக்கம் என்பது அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த குருந்தம் என்னும் கனிமத்தில் சிறிதளவு குரோமியம் கலந்து சிவந்த கல். அதே படிவுநிலங்களில், அதே நிறத்தில், ஸ்பினல் என்னும் வேறொரு கனிமமும் கிடைக்கிறது. இவ்விரண்டும் வெவ்வேறு என்பதை ஐரோப்பிய அறிவியல் வகைப்படுத்தியது 1783-இல்தான். இங்கிலாந்து மணிமுடியில் மாணிக்கம் என்ற பெயருடன் பதிந்துள்ள புகழ்பெற்ற கல் ஒன்றும் ஸ்பினலே. ஆகவே கைவினைஞர் ஒருவர் சிவப்புக் கல் ஒன்றைத் தேர்ந்தபோது, அவர் தேடியது நிறமும் நீரோட்டமும் மெருகும் ஆகும். இன்றைய ஆய்வகம் தேடும் வேதியியல் அடையாளம் அவர் அறிந்ததன்று.

சிறந்த மாணிக்கம் பர்மாவின் மோகோக் பள்ளத்தாக்கிலிருந்து வந்தது. 1886-இல் மேல் பர்மா பிரித்தானிய இந்தியாவுடன் இணைக்கப்பட்டு, 1889-இல் லண்டன் நிறுவனம் ஒன்று அச்சுரங்கங்களைக் குத்தகைக்கு எடுத்தது. நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் லேவாதேவியும், சென்னைக்கும் ரங்கூனுக்கும் இடையே ஓடிய கப்பல்களும் இருந்த காலத்தில், பர்மாக் கல் என்பது தமிழ்க் குடும்பங்களில் தரத்துக்கு மறுபெயராயிற்று. 1942-இல் ஜப்பானியப் படையெடுப்பும், 1962-இல் அங்கு நிகழ்ந்த இராணுவப் புரட்சியும், அதைத் தொடர்ந்த நாட்டுடைமையாக்கமும் அந்தத் தொடர்பை அறுத்தன. பர்மா கெம்பு என்ற பெயர் மட்டும் விற்பனைச் சொல்லாக எஞ்சி நிற்கிறது; அப்பெயர் தாங்கிய எல்லாக் கல்லும் பர்மாவைக் கண்டதல்ல.

தீயில் பிறந்த கல், ஆலையில் பிறந்த மணி

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிகழ்ந்த ஒரு கண்டுபிடிப்பு, கெம்பின் வரலாற்றை இரண்டாகப் பிரிக்கிறது. பிரெஞ்சு வேதியியலாளர் ஒகுஸ்த் வெர்னெய், தூய அலுமினா பொடியில் குரோமியம் சேர்த்து, ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் எரியும் சுடரின் வழியே சொரிந்து, உருகிய துளிகளைக் கீழே ஒரு தாங்கியின்மேல் படிகமாக வளரச் செய்யும் முறையை 1902-இல் அறிவித்தார். சில மணி நேரத்தில், பேரிக்காய் போன்ற வடிவில் ஒரு மாணிக்கக் கட்டி உருவாயிற்று. அது கண்ணாடியல்ல, இயற்கை மாணிக்கத்தின் அதே வேதிப்பொருள், அதே கடினம், அதே ஒளிவிலகல் உடையது. பிறந்த இடம் மட்டுமே வேறு: ஒன்று பூமிக்குள் நெடுங்காலம் கொண்டு விளைந்தது, மற்றது ஓர் உலையில் அரை நாளுக்குள் விளைந்தது.

இக்கட்டிகள் சுவிட்சர்லாந்திலிருந்து தமிழகத்துக்கு வந்தபோது, அவற்றை அறுத்துத் தீட்டி மெருகேற்றும் தொழில் திருச்சிராப்பள்ளியிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் வேர் பிடித்தது. வீட்டுத் திண்ணைகளில் சாணைச் சக்கரம் வைத்து, குடும்பம் முழுவதும் சேர்ந்து செய்த இத்தொழில் ஏராளமானோருக்குச் சோறு போட்டது; திருச்சிக் கல் என்பது நகைத் தொழிலில் ஒரு தனிப்பெயரே ஆயிற்று. பின்னர் மேட்டுப்பாளையத்தில் சுவிஸ் கூட்டுறவுடன் அமைந்த ஆலை, செயற்கை மாணிக்கக் கட்டிகளை உள்நாட்டிலேயே உற்பத்தி செய்தது. இயந்திரத்தில் வெட்டிய மலிவான கற்கள் இறக்குமதியாகத் தொடங்கிய பிறகு திருச்சியின் சாணைகள் பல ஓய்ந்தன. ஆனால் அதற்குள், தென்னிந்தியாவின் கெம்பு நகைகளில் பெரும்பகுதிக்குக் கல் கொடுத்தது அத்தொழிலே.

அதே ஆண்டுகளில் அரேபியாவிலும் இத்தகைய மாற்றம் நிகழ்ந்தது. அம்பர் என்பது தொன்மையான மரங்களின் பிசின் மண்ணுக்கடியில் இறுகிக் கல்லானது. அதன் சிறந்த இருப்பு பால்டிக் கடற்கரையில் உள்ளது. மரியா தெரசா வெள்ளி நாணயங்களை உருக்கியும் அப்படியே கோத்தும் பெதூவின் பெண்களுக்கு நகை செய்த பட்டறைகள், அந்த வெள்ளிக்கு இடையே அம்பர், பவழம் முதலிய மணிகளைச் சேர்த்தன. யேமனில் இப்பணியில் பேர்பெற்றவர்கள் யூதக் கொல்லர்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் 1949, 1950 ஆண்டுகளில் இஸ்ரேலுக்குப் பெயர்ந்தனர். இதற்கு முன்பே, வேதியியலாளர் பேக்லாந்து 1907-இல் உருவாக்கிய பீனால் பிசின், அம்பரைப் போன்ற மஞ்சளும் சிவப்பும் கலந்த மணிகளாக ஐரோப்பிய ஆலைகளிலிருந்து அரேபியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் சென்றிருந்தது. பாலைவனப் பெண்கள் அவற்றைத் தம் திருமண நகைகளில் உண்மையாகவே அணிந்தனர். ஆகவே நூறாண்டுப் பழமையுள்ள பெதூவின் மாலை ஒன்றில் உள்ள மணி அம்பராக இல்லாதிருப்பதும், அந்த மாலை முழுமையாக உண்மையானதாக இருப்பதும் ஒருங்கே இயலும். மயிலாப்பூரின் பழைய அட்டிகையில் திருச்சிக் கல் இருப்பதும் இதே நிலைதான். நகையின் வயதையும் கல்லின் பிறப்பையும் ஒன்றாக்கிப் பார்ப்பதே இரண்டு இடங்களிலும் வாங்குவோர் செய்யும் பிழை.

கோயிலிலிருந்து மேடைக்கு

சிவப்புக் கல் நகை மயிலாப்பூரின் அடையாளமானதற்கு நாட்டியமே காரணம். இராசராசன் நானூறு தளிச்சேரிப் பெண்டுகளைத் தஞ்சையில் குடியமர்த்திய காலம் முதல், கோயிலோடும் அரண்மனையோடும் இணைந்திருந்த ஆடல் மரபு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தேவதாசி எதிர்ப்பு இயக்கத்தின் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. 1928-இல் தோன்றிய மியூசிக் அகாதெமி, வழக்கறிஞர் ஈ. கிருஷ்ண ஐயரின் முயற்சியால், 1931-இல் திருவாளப்புத்தூர் கல்யாணியின் மகள்களை மேடையேற்றியது. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்ற ருக்மிணி தேவி, 1935 டிசம்பரில் அடையாற்றில் பிரம்மஞான சபையின் வளாகத்தில் ஆடினார். மறு ஆண்டு அங்கேயே கலாக்ஷேத்திரம் தொடங்கியது. 1962-இல் அது திருவான்மியூருக்கு இடம்பெயர்ந்தது. ஆடையையும் அணியையும் கோயில் சிற்பங்களின் சாயலில் ஒழுங்குபடுத்திய அவரது அழகுணர்வு, பரதநாட்டியத்துக்கு இன்று எல்லோரும் அறிந்த தோற்றத்தைக் கொடுத்தது.

சென்னை மாகாணத்தில் தேவதாசி முறையைத் தடுக்கும் சட்டம் 1947-இல் நிறைவேறியது. இந்நகைகளைத் தலைமுறைகளாக அணிந்து ஆடிய குடும்பங்கள் மேடையிலிருந்து விலகிய காலமும், அந்நகைகளின் அமைப்பு மேடையின் இலக்கணமான காலமும் ஒன்றே என்பதைக் கோயில் நகையின் வரலாற்றை எழுதுவோர் மறைக்கலாகாது. அணிகலன் பாராட்டப்பட்டது, அதை முதலில் அணிந்தவர்களுக்கு அந்தப் பாராட்டில் உரிய பங்கு கிடைக்கவில்லை.

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளின் நடுத்தரக் குடும்பங்களின் பெண்கள் நாட்டியம் பயிலத் தொடங்கியதும், சபாக்கள் பெருகியதும் ஒரு புதிய தேவையை உண்டாக்கின. ஓர் அரங்கேற்றத்துக்கு வேண்டிய முழுத் தொகுதியையும் பொன்னிலும் மாணிக்கத்திலும் செய்வது ஒரு வீட்டின் மதிப்பைக் கேட்கும் செலவு. மேடையில் இரண்டு மணி நேரம் தாளத்தோடு குதித்துச் சுழலும் உடலில் அத்தகைய செல்வத்தை ஏற்றுவது அறிவுடைமையும் ஆகாது. வெள்ளியில் செய்து பொன் பூசி, செயற்கைக் கெம்பு பதித்த நகை இத்தேவைக்கு விடையானது. அது யாரையும் ஏமாற்ற எழுந்ததன்று. மேடைக்கென்றே செய்யப்பட்டது, மேடைக்கென்றே வாங்கப்பட்டது.

அந்த நகையைச் செய்து கொடுத்த முதன்மையான ஊர் நாகர்கோவிலின் வடசேரி. 1956 நவம்பர் 1-ஆம் நாள் வரை திருவிதாங்கூர்ப் பகுதியாக இருந்த அந்த வட்டாரத்தில், கோயில்களுக்கும் அரச குடும்பத்துக்கும் நகை செய்த ஆசாரிமார்களின் கைத்திறன், பின்னர் நாட்டிய நகைக்குத் திரும்பியது. நாகர்கோவில் கோயில் நகை இன்று புவிசார் குறியீடு பெற்ற கைவினைப் பொருள். அதாவது, அப்பெயரை அந்த வட்டாரத்தில் அம்முறையில் செய்ததற்கு மட்டுமே பயன்படுத்தலாம் என்ற சட்டப் பாதுகாப்பு அதற்கு உண்டு. மயிலாப்பூரில் நகை வாங்குவோர் பலர், தம் கையில் இருப்பது வடசேரியின் உழைப்பு என்பதை அறியாமலே வாங்கிச் செல்கின்றனர்.

ஒரு ராக்கொடியின் உள்ளும் புறமும்

இந்நகையின் அமைப்பை அறிய ஒரு ராக்கொடியை எடுத்துக்கொள்ளலாம். பின்னந்தலையில், சடை தொடங்கும் இடத்தில் அணியும் வட்டமான இந்த நகையின் நடுவில் அன்னமோ தாமரையோ அமைய, அதைச் சுற்றிச் சிவப்புக் கற்கள் வளையம் வளையமாகப் படிந்திருக்கும். கற்கள் பட்டை தீட்டியவையல்ல. மேற்புறம் மழமழவென்று குமிழ்ந்து, விளக்கொளியைத் தெறிக்காமல் உள்வாங்கிக் கனல்போல் காட்டுபவை. வைரம் மின்னும், கெம்பு கனியும் என்ற வேறுபாட்டை எண்ணெய் விளக்கு எரியும் கருவறையில் நின்று நோக்கியவர்களே நன்கு உணர்வர். இந்த மெருகு அந்த வெளிச்சத்துக்கென்றே அமைந்தது.

ராக்கொடியைப் புரட்டினால், பின்புறம் மூடிய வெள்ளித் தகடும், முடியோடு கட்டுவதற்கான வளையங்களும் தெரியும். முதலில் வெள்ளியைத் தகடாக அடித்து அடித்தளம் வெட்டப்படுகிறது. ஒவ்வொரு கல்லுக்கும் அதன் அளவில் ஒரு சிறு கிண்ணம் வளைத்துப் பொடி வைத்துப் பற்றவைக்கப்படுகிறது. கிண்ணத்தில் அரக்கு நிரப்பி, கல்லின் நிறம் எடுப்பாகத் தெரிவதற்கு மெல்லிய தகடு இட்டு, அதன்மேல் கல் அமர்த்தப்படுகிறது. பிறகு கல்லைச் சுற்றிய விளிம்பில் தூய தங்கத்தின் மெல்லிய ரேக்கை வைத்து, முனை மழுங்கிய எஃகுக் கருவியால் அழுத்தித் தேய்க்க, சூடோ பசையோ இன்றியே தங்கம் கல்லின் ஓரத்தைக் கவ்விக்கொள்கிறது. இதனைக் குந்தனக் கட்டடம் என்பர். கட்டடம் என்பது இத்தொழிலில் கல்லைப் பதிக்கும் முறைக்குப் பெயர். இந்த வேலைகளை ஒருவரே செய்வதில்லை. அடித்தளம் செய்பவர், கல் கட்டுபவர், மெருகிடுபவர் எனப் பல கைகள் மாறியே ஒரு நகை முடிகிறது.

இதன் மலிவான மாற்று, கலப்பு உலோகத்தை அச்சில் வார்த்து, மின்முறையில் நிறம் ஏற்றி, கண்ணாடிக் கற்களைப் பசையால் ஒட்டிய நகை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றினும், வியர்வை பட்ட சில ஆண்டுகளில் வேறுபாடு தானே வெளிப்படும்: பின்னது கறுத்துக் கல் உதிரும், முன்னதை மீண்டும் ரேக்கு இட்டுப் புதுப்பிக்கலாம். முதல் அரங்கேற்றத்துக்கு வாங்கிய வெள்ளித் தலைசாமான் அடுத்த தலைமுறையின் தலையிலும் ஏறுவது இதனால்தான் இயல்கிறது.

முத்திரையும் அதன் எல்லையும்

மயிலாப்பூருக்கு மேற்கே, மாம்பலத்து நீண்ட ஏரியைத் தூர்த்து 1920-களில் உருவாக்கிய குடியிருப்பு, நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயச் செட்டியாரின் பெயரால் தியாகராய நகர் ஆகி, பின்னர் தமிழகத்தின் மிகப் பெரிய தங்கச் சந்தையாக வளர்ந்தது. அங்கே நகையின் அளவுகோல் தங்கத்தின் எடை. பிரித்தானியப் பொன் நாணயமான சாவரினிலிருந்து வந்த சவரன் என்னும் எட்டு கிராம் கணக்கும், அதன்மேல் சேதாரமும் செய்கூலியும் சேர்ந்து விலையாகின்றன. மாட வீதியின் கோயில் நகையில் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. அங்கே உலோகத்தைவிடக் கைவேலையே விலையின் பெரும்பகுதியாகும்.

அரசு தங்கத்தின் தூய்மையைத் தன் கட்டுப்பாட்டில் கொண்டுவர முயன்ற வரலாறு நீண்டது. 1963 ஜனவரியில் வந்த தங்கக் கட்டுப்பாட்டு விதிகள், 14 காரட்டுக்கு மேற்பட்ட தூய்மையில் புதிய நகை செய்வதைத் தடுத்தன. நாடெங்கும் பொற்கொல்லர் குடும்பங்கள் வேலையிழந்து தவித்தன. 1968-இல் தனிச் சட்டமான அக்கட்டுப்பாடு 1990-இல் நீக்கப்பட்டது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஹால்மார்க் முத்திரைத் திட்டம் 2000-இல் தங்க நகைக்குத் தொடங்கி, 2021 ஜூன் 16 முதல் படிப்படியாகக் கட்டாயமாயிற்று. ஒவ்வொரு நகைக்கும் ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த தனி அடையாளக் குறி தரப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் அக்குறியின்றி ஹால்மார்க் நகை விற்கலாகாது என்ற நிலை வந்தது.

இந்தக் கட்டாயத்திலிருந்து குந்தன், போல்கி, ஜடாவ் என்னும் கல் பதித்த நகை வகைகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டிருப்பது ஆழ்ந்து கவனிக்கத்தக்கது. அரக்கும் கல்லும் தங்க ரேக்கும் ஒன்றோடொன்று பிணைந்த நகையில் உலோகத்தை மட்டும் பிரித்துச் சோதிப்பது எளிதன்று. வெள்ளியில் பொன் பூசிய கோயில் நகையோ தங்க நகைக்குரிய முத்திரையின் எல்லைக்குள்ளேயே வருவதில்லை. அதாவது, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தஞ்சைக் கோயிலின் கணக்கர்கள் எதிர்கொண்ட அதே சிக்கலை, மூடிய நகைக்குள் எது எவ்வளவு என்ற சிக்கலை, இன்றைய முத்திரையும் முழுமையாகத் தீர்த்துவிடவில்லை. முத்திரை நிற்கும் இடத்தில் சொல் தொடங்குகிறது.

வாங்குவோர் கேட்க வேண்டியவை

ஆகவே மாட வீதியில் நகை வாங்குபவர், அசலா என்ற ஒரே கேள்விக்கு மாறாக, நான்கு கேள்விகளைத் தனித்தனியே கேட்பது நல்லது. அடித்தளம் வெள்ளியா, செம்பா, கலப்பு உலோகமா. மேலே உள்ள தங்கம் அழுத்திய ரேக்கா, மின்முறை முலாமா. கல் இயற்கை மாணிக்கமா, செயற்கை மாணிக்கமா, கண்ணாடியா. கல் கட்டியதா, ஒட்டியதா. இந்நான்குக்கும் விடை தெரிந்த கடைக்காரர் தயங்காமல் சொல்வார். நான்கையும் அசல் என்ற ஒரு சொல்லுக்குள் அடக்கிவிடுபவரிடம் வாங்குவதைத் தள்ளிப்போடுவது தகும்.

வீட்டில் செய்யும் சோதனைகளுக்கு எல்லை உண்டு. கண்ணாடி மென்மையானது ஆதலால், பயன்பட்ட கல்லின் மேற்பரப்பில் கீறல்களும் மழுங்கல்களும் உருப்பெருக்கியில் தெரியும். செயற்கை மாணிக்கத்தின் உள்ளே, உருகிய துளிகள் அடுக்கடுக்காகப் படிந்த வளைகோடுகளும் நுண்ணிய காற்றுக் குமிழ்களும் காணப்படும். இயற்கைக் கல்லின் வளர்ச்சிக் கோடுகள் நேரானவை, அதனுள் பட்டு நூல்போன்ற நுண்ணூசிகளும் இருக்கலாம். புற ஊதா விளக்கில் செயற்கைக் கெம்பும் பர்மா மாணிக்கமும் இரண்டுமே சிவந்து ஒளிர்வதால் அந்த ஒரு சோதனையைக் கொண்டு முடிவு செய்யலாகாது. அம்பரை உப்பு நீரில் மிதக்கவிட்டுச் சோதிப்பதுபோல், நகையில் பதிந்துவிட்ட கல்லை எதிலும் இட்டுப் பார்க்க முடியாது. இயற்கை மாணிக்கம் என்று சொல்லி அதற்குரிய விலை கேட்கப்படும்போது, இரத்தினவியல் ஆய்வகத்தின் சான்றிதழ் கேட்பதே முறை.

பழமையைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். பெண் இறந்தபின் அவள் நகையை உருக்கிவிட்டு, மணப்பெண்ணுக்குப் புதிதாகச் செய்யும் வழக்கம் பெதூவின் மக்களிடையே பரவலாக இருந்ததால், அங்கு மிகப் பழைய நகைகள் அரியவை. தமிழ்க் குடும்பங்களிலும் பாட்டியின் நகையை அழித்துச் செய்வது என்ற வழக்கும் சொல்லும் உண்டு. அழித்தல் என்பதற்கு இங்கு உருக்கிப் புதிதாக்குதல் என்று பொருள். நூற்றாண்டுகளின் கைவேலை இவ்வாறு உலைக்குள் மறைந்தது. எனவே பல நூற்றாண்டுப் பழமை என்று சொல்லி விற்கப்படும் கோயில் நகையை ஐயத்தோடு அணுகுவது முறை. இன்று வடசேரியில் புதிதாகச் செய்த ராக்கொடி ஒன்று, தன் வயதை மறைக்காதவரை, அந்தப் பழைய மரபின் உண்மையான வாரிசே.

வாங்கும் வேளையில் ரசீதில் நகையின் பெயர், வெள்ளியின் நிகர எடை, கல்லின் வகை, கட்டடத்தின் முறை ஆகியன தனித்தனி வரிகளாக எழுதப்பட வேண்டுமென்று கேட்பவர், விற்பவரை அவமதிப்பதில்லை. இத்தொழிலின் மிகப் பழைய நேர்மையை நினைவூட்டுகிறார். இராசராசனின் கணக்கர் அரக்கையும் செப்பாணியையும் வைரத்தின் காகவிந்தையும் எழுதி வைத்தார். செயற்கைக் கெம்பு என்று எழுதிய ரசீதோடு வீட்டுக்கு வரும் நகை, அந்தக் கல்வெட்டின் வரிசையில் ஒரு வரியாகச் சேரும் தகுதி உடையது.